குடைத்துணிப் பை

பௌர்ணமியன்று மலை சுற்றக் கிளம்பும்போது நான் முதுகில் மாட்டிக்கொள்ளும் பை குடைத்துணியில் தைத்தது. ஒரு குடையில் எட்டுத் துண்டுத் துணி இருக்கும். அதில் நான்கைச் சேர்த்துத் தைத்து, வாய்க்கு நாடா கோத்து, தோளில் மாட்ட இரண்டு பட்டை வைத்தால் பை தயார். முழுக்கக் கைத்தையல். மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும். மழையில் நனைந்தாலும் உள்ளே இருப்பது நனையாது. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதால் கறுப்பு வெளுத்துக் காப்பித்தூள் நிறத்துக்கு வந்திருக்கிறது. என் மகள் வாங்கிக் கொடுத்த, ஏழு ஜிப் வைத்த பை ஒன்று பீரோவில் தூங்குகிறது. அதில் எதை எந்த அறையில் வைத்தேன் என்று தேடுவதற்குள் பாதி மலையைச் சுற்றிவிடலாம்.

இதைத் தைத்தவர் என் மாமியார். மீதி நான்கு துண்டில் எனக்கும் ஒன்று தைத்துக் கொடுத்தார். அது எப்போதோ கிழிந்து போயிற்று. இது அவர் முதுகில் இருந்தது. மாமனாரின் குடை காற்றில் உடைந்துவிட்டது, துணியை வீணாக்குவானேன் என்று தைத்ததாக அப்போது சொன்னார். இந்தப் பையை எடுக்கும்போதெல்லாம், நாங்கள் இருவரும் கடலோரமாக ஒரு பகல் முழுவதும் நடந்த நாள் ஞாபகத்துக்கு வரும். என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்துகொண்டு நான் எங்கேயும் நடந்ததில்லை. அவ்வளவு சிரித்துக்கொண்டு நடந்ததும் இல்லை.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில், மலை சுற்றும் பாதையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. இரண்டு ஏக்கர் மல்லாட்டைக் கொல்லை (நிலக்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்), ஒரு கிணறு. என் கணவர் டவுனில் லாரிப் பட்டறையில் வேலை பார்த்தார். மாமியாருக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது இருக்கும். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து ஒரு பௌர்ணமி விடாமல் மலை சுற்றியவர். அதில் அவருக்குச் சட்டங்கள் உண்டு. மலை எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். பாதையின் இடது ஓரமாகத்தான் நடக்க வேண்டும். மலையை ஒட்டிய வலது ஓரம் கண்ணுக்குத் தெரியாத சித்தர்கள் நடக்கிற இடம். செருப்பு கூடாது. கையில் சுமை கூடாது. கண் மலைமேலேயே இருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், பாதியில் திரும்பக் கூடாது. ஒருமுறை கால்வாசி தூரம் போயிருந்தபோது, வீட்டு மாடு அவிழ்த்துக்கொண்டு கொல்லையில் இறங்கி மல்லாட்டைச் செடியை மேய்கிறது என்று ஆள் ஓடிவந்து சொன்னானாம். "மேயட்டும், நான் சுத்திட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு நடந்தாராம். மாமனார் இந்தக் கதையைச் சொல்லாத ஆள் எங்கள் ஊரில் கிடையாது.

நான் ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, மூன்று வருஷம் காத்திருந்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆவணி மாதம் உத்தரவு வந்தது. பாண்டிக்கும் மரக்காணத்துக்கும் நடுவில், கடலோரத்தில் ஒரு மீனவர் குப்பம். அங்கே ஆரம்பப் பள்ளி. பதினைந்து நாளுக்குள் சேர வேண்டும், தவறினால் நியமனம் ரத்து. ரத்தானால் மறுபடி எப்போது கூப்பிடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது, கூப்பிடாமலே போகலாம். மாமனார் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கடலோரத்துல ஒண்டியா ஒரு பொம்பள எப்டி இருக்கும்? வாணாம். உள்ளூர்ல வரப்ப பாத்துக்கலாம்" என்றார். என் கணவரைக் கேட்டால், "அம்மா இன்னா சொல்றாங்கனு பாப்போம்" என்பார். அம்மாவோ வாயைத் திறக்கவில்லை. பத்தாம் நாள் மத்தியானம் அவர் கறுப்புத் துணியை மடியில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். என் வேலையே கைவிட்டுப் போகிறது, இவருக்குப் பை தைக்க மனசு வருகிறதே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அடுப்படியில் போய்ப் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினேன். என்னால் முடிந்த போராட்டம் அவ்வளவுதான்.

பதின்மூன்றாம் நாள், சாப்பிட்ட தட்டை எடுத்தபடியே, "நாங்க ரெண்டு பேரும் போயி அந்த ஊர பாத்துட்டு வந்துடறோம்" என்றார். "பாக்கறதுல இன்னா இருக்குது?" பார்க்கத்தானே என்று ஆண்கள் இருவரும் தலையாட்டினார்கள். பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்கள், ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்பார்களே, அந்தப் 'பார்ப்பது'தான் இதுவும் என்று நினைத்தேன். என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகமும் பயிற்சிச் சான்றிதழும் மாமியாரின் டிரங்குப் பெட்டியில் இருந்தன. சாவி அவர் இடுப்பில். அவை இல்லாமல் எந்தப் பள்ளியிலும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் கேட்டால், "பாக்கத்தானே போறீங்க, அது எதுக்கு?" என்று மாமனார் கேட்பார். கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. உத்தரவுத் தாளை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டேன்.

நான் ஒரு பெரிய ரெக்ஸின் பை நிறையத் துணிமணி, டிபன் கேரியர், கூஜா என்று அடுக்கியிருந்தேன். மாமியார் அதைக் கவிழ்த்துக் கொட்டினார். "மலை சுத்தப் போறவ மூட்டையா தூக்கிட்டுப் போவா? தோள் நொந்துச்சினா கால் நடக்காது" என்று சொல்லி, குடைத்துணிப் பை ஒன்றை என் கையில் கொடுத்தார். ஒரு மாற்றுப் புடவை, துண்டு, வறுத்த மல்லாட்டையும் வெல்லமும் ஒரு பொட்டலம், தண்ணீர் பாட்டில் ஒன்று. அதற்கு மேல் எதையும் விடவில்லை. உங்கள் பையில் என்ன அத்தை என்று கேட்டேன். "உன்னுதுல இருக்கிறதுதான்" என்றார்.

பதினான்காம் நாள் பஸ் ஏறிப் பாண்டியில் என் சித்தி வீட்டில் தங்கினோம். சித்தப்பா அந்தப் பக்கமெல்லாம் தெரிந்தவர். குப்பத்துக்கும் ரோட்டுக்கும் நடுவே உப்பங்கழி கிடக்கிறது, கடற்கரை வழியாகத்தான் போக முடியும், மரக்காணத்தில் இறங்கித் தெற்கே நடந்தால் ஐந்து கிலோமீட்டர்தான் என்று சொன்னார். மாமியார் யோசித்தார். "அப்டி நடந்தா கடலு எந்தக் கை பக்கம் வரும்?" என்று கேட்டார். இடக்கைப் பக்கம் என்றார் சித்தப்பா. "இங்கேர்ந்து வடக்கால போனா?" வலக்கைப் பக்கம். ஆனால் இருபது கிலோமீட்டருக்குக் குறையாது, மணலில் கால் புதையும் என்றார். "இன்னா, மலைய ஒண்ணரை தபா சுத்தற தூரம்" என்று மாமியார் முடித்துவிட்டார். சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். சேர வேண்டிய கடைசி நாளன்று, ஐந்து கிலோமீட்டரை விட்டுவிட்டு இருபது கிலோமீட்டர் நடக்க முடிவெடுத்த குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

விடிந்ததும் டவுன் பஸ்ஸில் வடக்கே கொஞ்ச தூரம் போய் இறங்கி, தென்னந்தோப்பு வழியாகக் கரைக்கு வந்தோம். மாமியார் அதற்கு முன் கடலைப் பார்த்ததே இல்லை. கையெடுத்துக் கும்பிட்டார். அப்புறம் என்னிடம், "இது எப்பவுமே இப்டி சத்தம் போட்டுனே இருக்குமா? ஒரு நிமிசங்கூட சும்மா இருக்காதா?" என்று கேட்டார். இருக்காது என்றேன். "பாவம்" என்றார். கடலைப் பார்த்துப் பாவம் என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். என் பயத்தையெல்லாம் மீறி எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆறரை மணிக்கு நடக்க ஆரம்பித்தோம். கடல் வலக்கைப் பக்கம். அதோடு விட்டாரா என்றால் இல்லை. இடது ஓரமாகத்தான் நடக்க வேண்டும் என்றார். அலையை ஒட்டிய ஓரம் பெரியவர்கள் நடக்கிற இடம், மலைக்கு ஒரு நியாயம் கடலுக்கு ஒரு நியாயமா என்பது அவர் வாதம். ஆக, ஈர மணலெல்லாம் சிமென்ட் தரையாக விரிந்து கிடக்க, நாங்கள் இருவரும் மேட்டில், உலர்ந்த மணலில், ஒவ்வோர் அடிக்கும் கணுக்கால் வரை புதைந்து புதைந்து நடந்தோம். கொஞ்ச நேரத்திலேயே கெண்டைக்கால் கெட்டியாகிவிட்டது. எட்டரை மணிக்கு மணல் சுட ஆரம்பித்தது. நான் செருப்பைப் போட்டால் மணல் உள்ளே போய்க் கடித்தது, கழற்றினால் சுட்டது. மாமியார் வெறுங்காலோடு, கண்ணைக் கடல்மேல் வைத்துக்கொண்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் நடந்தார். இரண்டு மணி நேரம் நடந்த பிறகும் நாங்கள் புறப்பட்ட தோப்பு பின்னால் தெரிந்தது. இதில் எங்கே போய்ச் சேருவது என்று எனக்கு அழுகை வந்தது.

தலையில் மீன் கூடையோடு ஒரு பெண் எதிரே வந்தார். நீர் ஓரமாக, ஓட்டமும் நடையுமாக. எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "இன்னா நீங்க ரெண்டு பேரும், வேணும்னே வேவறீங்களா? கீழ வந்து நடங்க, தரை மாதிரி இருக்குது" என்றார். மாமியார் நிமிர்ந்து, "அது பெரியவங்க நடக்கற பக்கம்" என்றார். அந்தப் பெண் திரும்பி ஈர மணலை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தார். "நானும் பொறந்ததுலேர்ந்து நடக்கறேன். இங்க நண்ட தவிர யாரும் நடந்து நான் பாத்ததில்லையே!" என்றார். எனக்கு அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். மாமியார் முதலில் என்னை முறைத்தார். அப்புறம் அவர் உதடு நெளிந்தது. அப்புறம் அவரும் சிரித்தார். மாமியாரும் மருமகளும் சேர்ந்து அப்படிச் சிரித்தது எங்கள் வீட்டில் அதுவரை நடக்காத காரியம். பெரியவங்க மன்னிச்சுக்குவாங்க என்று முணுமுணுத்துவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஈர மணலில் இறங்கினார். முதல் அலை காலை நனைத்ததும், "அப்பாடி" என்று ஒரு சத்தம் வந்தது பாருங்கள், அது இன்னும் என் காதில் இருக்கிறது.

அதற்கப்புறம் நடை சுகமாயிற்று. முதுகில் சுமை இருப்பதே தெரியவில்லை. காற்று பின்னாலிருந்து தள்ளியது. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நின்று இரண்டு வாய் தண்ணீர், ஒரு கை மல்லாட்டை, ஒரு கடி வெல்லம். மாமியார் தன் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னார். ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள் என்றும், வாத்தியாரம்மா ஒருவர் வீடு வரை வந்து கெஞ்சியும் அப்பா கேட்கவில்லை என்றும் சொன்னார். அவர் படித்திருப்பார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். வழியில் கழி ஒன்று கடலில் கலக்கிற இடத்தில் இடுப்பளவு தண்ணீர். நான் பையோடு இறங்கிவிட்டேன். அவர் தன் பையைக் கழற்றித் தலைமேல் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, புடவை முழுக்க நனைய அக்கரை சேர்ந்தார். ஒரு மாற்றுப் புடவைக்கு இவ்வளவு மரியாதையா என்று நான் கேலி செய்தேன். உச்சி வெயிலில் கண் கூசியபோது, "மாமா குடை ஒடையாம இருந்திருந்தா புடிச்சினாவது வந்திருக்கலாம்" என்றேன். "குடைய புடிச்சா கை ஒழியாது" என்றார். பதிலில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

இரண்டரை மணிக்கு, படகு நிழலில் உட்கார்ந்து வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் குப்பத்தின் பெயரைச் சொல்லி இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். அவர் நாங்கள் வந்த திசையைக் காட்டினார். "அத தாண்டி வந்துட்டீங்களே. மூணு கிலோமீட்டர் ஆவும். சவுக்குத் தோப்புக்குப் பின்னால இருக்குது. பாக்கலையா?" பார்க்கவில்லை. மலை சுற்றுகிறவர்களுக்குக் கண் வலப்பக்கமே இருக்கும். இடப்பக்கம் ஒரு ஊரே கடந்து போயிருக்கிறது, நாங்கள் இருவரும் கடலைப் பார்த்துக்கொண்டே நடந்திருக்கிறோம்.

பள்ளி நாலு மணிக்கு மூடிவிடும். கடைசி நாள். திரும்பி நடந்தால் போய்விடலாம். ஆனால் திரும்ப வேண்டும். கடல் இடக்கைப் பக்கம் வர வேண்டும். மாடு கொல்லையை மேய்ந்தபோதே திரும்பாதவர். மாமியார் தோப்புப் பக்கம் கையைக் காட்டி, அந்தப் பக்கமாகச் சுற்றி வர வழி உண்டா என்று கேட்டார். எல்லாம் கழி, சேறு என்றார் வலைக்காரர். மாமியார் கடலைப் பார்த்து நின்றார். ஒரு நிமிஷம் இருக்கும். என் பிழைப்பு முழுவதும் அந்த ஒரு நிமிஷத்தில் தொங்கியது.

கன்னத்தில் போட்டுக்கொண்டார். "வா" என்றார். வந்த வழியே திரும்பி நடக்க ஆரம்பித்தார். நடை என்று சொல்வது தப்பு. நான் பின்னால் ஓடினேன். இப்போது காற்று முகத்தில் அறைந்தது. புடவைத் தலைப்பு பறந்தது. "அத்த, மெதுவா" என்றால், "மெதுவா போனா மணியடிச்சுடுவாங்க. கையெழுத்துப் போட வாணாமா?" என்றார், திரும்பாமலே. நான் கேட்டது சரிதானா என்று எனக்கே சந்தேகம். பதினைந்து நாளில் அந்தப் பேச்சை அவர் வாயிலிருந்து அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன். கண்ணில் மணலா உப்பா என்று தெரியாமல் துடைத்துக்கொண்டே ஓடினேன்.

மூன்றேகாலுக்குப் பள்ளிக்குள் நுழைந்தோம். ஓட்டுக் கட்டடம், இரண்டே அறை. தலைமை ஆசிரியர் எங்கள் கோலத்தைப் பார்த்து முதலில் தண்ணீர் கொடுத்தார். உத்தரவைப் படித்தார். "இன்னிக்குக் கடைசி நாளாச்சேமா" என்றார். பேரேடு போன்ற ஒரு நோட்டைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றி, "ஒரிஜினல் சர்ட்டிபிகேட் குடுங்க" என்று கையை நீட்டினார். ஓடி வந்த வேகத்தில் அதை மறந்தே போயிருந்தேன். இவ்வளவு நடந்து, திரும்பவே கூடாத இடத்தில் திரும்பி, இங்கே வந்து வெறுங்கையோடு நிற்கிறேன். "சார், அது வீட்ல..." என்று ஆரம்பித்தேன்.

"இரு" என்றார் மாமியார். முதுகிலிருந்து பையைக் கழற்றினார். நாடாவின் முடிச்சைப் பல்லால் அவிழ்த்தார். உள்ளே புடவை இல்லை, துண்டு இல்லை. மஞ்சள் துணியில் சுற்றிய என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், பயிற்சிச் சான்றிதழ், வேலைவாய்ப்பு அட்டை. ஒரு சொட்டு ஈரம் படவில்லை. ஓடி வரும்போது அலை அடித்து, அவர் புடவை முழங்காலுக்குக் கீழே சொட்டிக்கொண்டிருந்தது. மாற்றிக்கொள்ள அவருக்கென்று எதுவும் எடுத்து வரவில்லை. நான் கையெழுத்துப் போட்டேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து, எல்லா எழுத்தும் சரியாக விழுகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கழியில் இறங்கியபோது பையின் வாய் வழியாகப் புகுந்த தண்ணீர் என் மாற்றுப் புடவையில் ஓரமாகத்தான் பட்டிருந்தது. அவரை அதைக் கட்டிக்கொள்ள வைத்தேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "சொல்லியிருந்தா உங்க மாமா வுட்டிருப்பாரா? பாக்கத்தான் போறோம்னதும் வுட்டாரு" என்றார். வீட்டுக்குத் திரும்பியதும் ஆண்களிடம், "கையெழுத்துப் போட்டாச்சு. இனிமே இன்னா பண்றது?" என்று கையை விரித்தார், தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லாதவர் போல. நாலு வருஷம் அந்தக் குப்பத்தில் வேலை பார்த்தேன். மாசம் ஒருமுறை என்னைப் பார்க்க வருவார், பாண்டிப் பக்கத்திலிருந்து, இருபது கிலோமீட்டர், கடலை வலப்புறம் வைத்து. ஆனால் ஈர மணலில். மீன் கூடைப் பெண்ணோடு அவருக்குப் பெரிய சிநேகிதம் ஆகிவிட்டது. அப்புறம் எனக்குச் சொந்த ஊர்ப் பக்கம் மாற்றல் கிடைத்தது, இங்கேயே இருந்து ஓய்வும் பெற்றேன்.

இப்போது அவருக்கு எண்பத்தைந்து தாண்டிவிட்டது. முழங்கால் ஒத்துழைப்பதில்லை. பௌர்ணமியன்று வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிறவர்கள் எத்தனை பேர் செருப்போடு போகிறார்கள் என்று கண்காணிப்பார். நான் கிளம்பினால் பையைத் திறந்து பார்த்து, எதையாவது வெளியே எடுத்துப் போட்டால்தான் அவருக்குத் திருப்தி. போன மாதம் மேகம் கறுத்திருந்தது. குடை எடுத்துப் போகட்டுமா என்று கேட்டேன். "கை ஒழியாது" என்றார், பழைய பதிலையே. "அன்னிக்கு மாமா குடை மட்டும் ஒடையாம இருந்திருந்தா இந்தப் பையே இருந்திருக்காது இல்ல?" என்றேன் சிரித்துக்கொண்டே.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அது ஒடஞ்ச குடைனு யாரு சொன்னது உனுக்கு?"

"நீங்கதான் அத்த."

"உங்க மாமாவுக்குச் சொன்னேன். நீயுமா நம்பிட்ட? நல்ல குடை. அந்த வருசந்தான் வாங்கினாரு. கடல் பக்கம் போறோம், காயிதம் நனையக் கூடாதில்ல?"

பத்தாம் நாள் மத்தியானம், அவர் மடியில் கிடந்த கறுப்புத் துணி என் கண்முன் வந்தது. நான் அடுப்படியில் பாத்திரத்தைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தபோதே, இந்த மனுஷி முடிவெடுத்து, புதுக் குடையைக் கிழித்து, உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்திருக்கிறார். பையை மாட்டிக்கொண்டு வாசல் தாண்டிப் பத்தடி போனேன். என்னால் போக முடியவில்லை. திரும்பி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பாத்தியா, கிளம்பறப்பவே திரும்பற" என்றார் அவர். பிறகு என் தோளில் நழுவியிருந்த பட்டையை இழுத்துச் சரியாக்கிவிட்டு, "போ, மழை வர்றதுக்குள்ள சுத்திட்டு வா" என்றார்.